தாய்ப்பத்திரம் இல்லாத தாய்கள்

'வேர் தேடுதல்' என்பதை ஒரு அப்பாவிக் குடும்பக் காரியமாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். யாருக்கு வேர் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. ஒரு சுவிஸ் முன்னோரை முன்வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

1781இல் நியூஷாத்தெலைச் சேர்ந்த சார்ல் தானியேல் த மெரோன், டச்சுக் கம்பெனிக்காக ஒரு கூலிப்படையைத் திரட்டினார். இலங்கையிலிருந்த அந்தப் படை 1795இல் பிரிட்டிஷாரிடம் கைமாறியது. பிறகு சென்னை மாகாணம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போர், 1806இல் கப்பல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்களின் கல்லறைகளை மெரோன் வம்சத்தார் முயற்சியெடுத்துப் புதுப்பித்தார்கள்.

தளபதி குடும்பத்துக்கு மட்டுமல்ல, சாதாரணச் சுவிஸ் சிப்பாயின் சந்ததிக்கும் ஒரு பிடி உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் வராது, பூர்வீக ஊர்தான் வரும். கோயில் பதிவேடு, 1876க்குப் பிறகு அரசுப் பதிவேடு என்று அந்தக் கிராமத்தில் அவன் குடும்பம் எழுதப்பட்டிருக்கும். இது பாசம் அல்ல. வறியவனுக்குச் சோறு போடும் பொறுப்பு பூர்வீக ஊருடையது என்பதால் 'நம்ம ஆள் யார்' என்ற கணக்கு தேவைப்பட்டது. அதே ஊர்கள் ஏழைப் பிள்ளைகளைப் பண்ணைக் கூலிகளாக ஒப்படைத்தன. அதற்கு சுவிஸ் அரசு 2013இல் மன்னிப்புக் கேட்டது. ஆக, அங்கேயும் பதிவேடு அதிகாரத்தின் எழுத்துதான். ஆனாலும் அதில் பெயர் இருந்தது.

இந்தப் பக்கம் வருவோம். பூந்தமல்லி 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைச் சிப்பாய்கள் தங்கிய இடம். கம்பெனிக் காலத்து ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பெண்கள் ஞானஸ்நானப் பெயராக மட்டுமோ, 'சுதேசிப் பெண்' என்றோ ஆவணத்தில் நிற்பதை துர்பா கோஷ் 2006இல் வெளியான நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. வம்சவிருட்சத்தின் ஒரு கிளை ஆல்ப்ஸ் வரை ஏறுகிறது. இன்னொன்று அந்த அம்மாவோடு நின்றுவிடுகிறது.

'நம்ம ஊரில் ஆவணமே கிடையாதுப்பா' என்பார்கள். அது பொய். 1767 முதல் 1774 வரை பர்னார்டு நடத்திய செங்கல்பட்டு ஜாகீர் கணக்கெடுப்பு, கிராமம் கிராமமாக வீடுகளைச் சாதிவாரியாக எண்ணியது. சேரி அதில் ஒரு எண். அந்த எண்ணுக்குள் இருந்தவர்களின் நிலமற்ற அடிமை வாழ்வை 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

இன்றைக்கு அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரை கிரவுண்டு மனை வாங்கப் போனால் முதல் கேள்வி: 'தாய்ப்பத்திரம் இருக்கா?' மண்ணுக்குத் தாய் கேட்கிற சமூகம், அந்த மண்ணில் உழுத தாயின் பெயரைக் கேட்டதில்லை.

ஆகவே தோழர்களே, நமக்கான வம்சாவளியைக் கோயில் பதிவேட்டில் தேடுவதில் பயனில்லை. கிராமத்து 'அ' பதிவேட்டில், பஞ்சமி நிலம் எந்த வருஷம், யார் பெயருக்கு மாறியது என்ற வரியில் தேட வேண்டும். சுவிஸ்காரருக்கு அது குடும்ப வரலாறு. நமக்கோ அது நில மீட்பு வழக்கின் முதல் பக்கம்.