போடியம் கோட்டை: அரணோ, அணியோ?

இங்கிலாந்தின் கிழக்குச் சசெக்சில் அகழிநீர் சூழ நிற்கும் போடியம் கோட்டை, போருக்கென எழுந்ததா, பெருமைக்கென எழுந்ததா என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்கு. பிரான்சிற் போர்புரிந்து மீண்ட சேர் எட்வேட் டலின்றிட்ஜ் 1385இல் இரண்டாம் றிச்சாட் மன்னனிடம் உரிமை பெற்று இதனைக் கட்டினார். பகைவரைத் தடுத்தலே நோக்கமென்பது உரிமைப்பத்திரத்தின் கூற்று. முன்னைய ஆய்வாளர் அதனை அவ்வாறே நம்பினர்.

கட்டடம் அத்துணை எளிதில் உடன்படவில்லை. மூலைதோறும் வட்டக் கோபுரம், வாயிலிற் சுடுதற்கமைந்த துளைகள், இவை அச்சந்தருவனவே. ஆயின், அகழியைத் தாங்குவது வெறும் மண்கரை. அதனை வெட்டிவிடின் நீர் வடிந்துவிடும். சிற்றாலயத்தின் அகன்ற கீழைச் சாளரமோ முற்றுகைக்கு அஞ்சியவன் வைப்பதன்று.

எனினும், வெற்றலங்காரம் எனத் தள்ளுதலும் மிகையே. அண்மையிலுள்ள றை நகரைப் பிரெஞ்சுக்காரர் எரித்தது 1377இல். அந்நினைவு அப்போது ஆறியிராது. கொள்ளைக் கூட்டத்தைத் தடுக்க இக்கோட்டை போதும். அரச சேனைக்கு எதிரே நில்லாது.

வழக்கு ஒருபாற் சாய்ந்தமைக்கு அழிவும் ஒரு காரணம். மதில்கள் ஏறத்தாழ முழுமையாய் எஞ்ச, உள்ளிருந்த கூடமும் அறைகளும் இடிந்தொழிந்தன. இந்தியாவில் அரசப்பிரதிநிதியாயிருந்த கேர்சன் பிரபு பழுதுபார்த்து, 1925இல் நாஷனல் ட்ரஸ்ட் நிறுவனத்துக்கு விட்டுச்சென்றதும் இவ்வெறுங் கூட்டையே. மதிலை வியப்பார் பலர். உட்சுவரிற் படிந்த கணப்படுப்புக்களின் தடத்தை எண்ணுவார் சிலர்.