ஸ்டோவின் தாள்களும் லூசியின் கைகளும்

ஜார்ஜ் வில்லியம் ஸ்டோ நிலவியலாளர், எழுத்தாளர், ஓவியர். தென்னாப்பிரிக்கக் குகைகளில் சான் மக்கள் தீட்டியிருந்த ஓவியங்களை நகலெடுத்தவர். விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பாடமாகப் படிக்கும் மாணவியர் அறிய வேண்டிய முன்னோடி. ஆனால் அவருடைய தாள்கள் எப்படிப் பிழைத்தன என்று கேட்டால் வேறு பெயர்கள் எழுகின்றன.

1882இல் ஸ்டோ இறந்தார். அவர் மனைவியிடமிருந்து நகல்களையும் நூல் கையெழுத்துப்படியையும் விலைகொடுத்து வாங்கியவர் லூசி லாயிட். பணம் கொழித்து வாங்கவில்லை. தங்கையின் கணவர், மொழியியலாளர் வில்ஹெல்ம் ப்ளீக் 1875இல் இறந்தபின், அவர் பார்த்த நூலக வேலை லூசிக்குப் பாதிச் சம்பளத்தில் கிடைத்தது; 1880இல் அதுவும் பறிபோயிற்று.

லூசி 1914இல் மறைந்தார். ஓவியங்கள் நூலானது 1930இல். பதிப்பித்தவர் தங்கை மகள் டொரோத்தியா ப்ளீக். ஸ்டோ சென்ற குகைகளைத் தேடிப்போய் நகல்களை ஒப்பிட்டவர். இன்றும் அது 'ஸ்டோ சேகரிப்பு'தான். வாங்கியதும் காத்ததும் சரிபார்த்ததும் 'உதவி' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

லூசியை மீட்பதோடு பெண்ணிய வாசிப்பு நின்றுவிடக் கூடாது. ப்ளீக் வீட்டில் கதை சொன்ன சான் ஆண்களில் பலர் சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட கைதிகள். க்வெய்டன் தா கென் என்ற சான் பெண் 1874இல் அங்கே வந்து, பூப்பெய்திய பெண்களின் கதைகளை லூசிக்குச் சொன்னார். லூசி எழுதியதால் அவர் பெயராவது மிஞ்சியது. பாறையில் தீட்டிய கைகளுக்கு அதுவும் இல்லை.

ஆய்வுக்காக ஆவணக்காப்பகம் செல்லும் மாணவியர் பட்டியலில் உள்ள பெயரோடு திரும்ப வேண்டாம். யார் சொன்னார், யார் எழுதினார், யார் காத்தார், யாருக்கு எவ்வளவு கூலி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.