கொலம்போவோடு ஒன்றரை மணி நேரம்

துப்பறியும் தொடர் என்றதுமே நாம் ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். தோட்டக்காரன் முழி சரியில்லையே, மருமகன் ஏன் கையுறை போட்டிருக்கிறான் என்று. அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’வை அப்படிப் பார்க்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் டி.வி.யை அணைத்துவிடுவீர்கள். கொன்றது யார், எப்படி என்று எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். போலீஸ்காரர் வந்துசேர அநேகமாகக் கால் மணி நேரம் ஆகும்.

அந்தக் கால் மணி நேரத்தை ஓட்டிவிடாதீர்கள். கொலையாளியின் கெட்டிக்காரத்தனத்தை அப்போது கொஞ்சம் மெச்சிவைத்தால்தான் பின்னால் வேடிக்கை. 1971-ல் வந்த ‘மர்டர் பை தி புக்’கிலிருந்து தொடங்கலாம். இயக்கியவர் அப்போது 24 வயதே ஆன ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். மர்ம நாவல் எழுதும் இரட்டையரில் ஒருவர் எழுதுகிறவர், மற்றவர் பேட்டி கொடுக்கிறவர். எழுதுகிறவர் தனியாகப் போக நினைக்கிறார். மற்றவர் விடுவாரா? சாலையில் கார் ஓசையில்லாமல் வர, டைப்ரைட்டர் சத்தம் மட்டும் கேட்கிற அந்தத் தொடக்கத்தைக் கவனியுங்கள்.

பிறகு கசங்கிய மழைக்கோட்டு, சுருட்டு, ஓட்டை பேஜோ கார் சகிதம் லெஃப்டினன்ட் கொலம்போ வருகிறார். கோட்டு, நடிகர் பீட்டர் ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. அடிதடி கிடையாது, ரத்தம் அபூர்வம். எல்லாம் பேச்சுதான். லாஸ் ஏஞ்சலஸ் பணக்காரர்களின் மாளிகைக்குள் நுழைந்து, “சார், சார்” என்று குழைந்து, மனைவியைப் பற்றிக் கதையளந்து (அந்த அம்மாளை நாம் ஒருநாளும் பார்ப்பதில்லை), விடைபெற்று, வாசல்வரை போய், திரும்பி, “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்பார். கதாபாத்திரத்தை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் இதைச் சோம்பலில் கண்டுபிடித்தார்களாம். எழுதிய காட்சி நீளம் போதவில்லை. திரும்ப டைப் அடிக்க அலுப்பு. வெளியே போனவரை மறுபடி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் திரும்பும்போது எதிரே நிற்பவரைப் பாருங்கள். முதல் தடவை முகத்தில் இளக்காரம் இருக்கும். அடுத்த தடவை சலிப்பு. அதற்கடுத்து சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், கண்ணுக்கு ஏறாது. இந்தத் தொடரில் கதை என்று ஒன்று நடப்பது அந்த முகத்தில்தான்.

‘எட்யூட் இன் பிளாக்’கில் இசைக்குழு நடத்துனராக ஜான் கசாவெட்டிஸ் வருகிறார், ஃபால்க்கின் நிஜ வாழ்க்கை நண்பர். அவருடைய வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்கு வரி எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்கிறார் கொலம்போ. தன் சம்பளத்தில் இதை வாங்க எத்தனை வருஷம் ஆகும் என்றும் கணக்குப் போடுகிறார். துருவலா, நிஜமான வாய்பிளப்பா? தேவனின் துப்பறியும் சாம்பு நிஜ அசடு. அதிர்ஷ்டம் அவரைத் தூக்கி நிறுத்தியது. கொலம்போவின் அசட்டுத்தனம் வேஷம். முழு வேஷம் இல்லை, பாதி அவர் சுபாவமே அப்படித்தான் என்பது என் கட்சி.

இரண்டு மூன்று கதைகள் பார்த்தபின் ‘எ ஸ்டிச் இன் கிரைம்’ பாருங்கள். லெனார்ட் நிமோய் அறுவை சிகிச்சை மருத்துவர். ஏளனமாகச் சிரிக்கும் அவர் மேஜையில் கொலம்போ தண்ணீர்க் குடுவையை ஓங்கி அறைகிற ஒரு கணம் உண்டு. அதுவரை அந்தப் பணிவுக்குள் எவ்வளவு கோபம் இருந்தது என்று அப்போதுதான் தெரியும். முதலிலேயே பார்த்தால் அது வெறும் சத்தம்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது 1973-ன் ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’. ஒயினைத் தவிர வேறெதையும் நேசிக்காத ஒருவராக டொனால்ட் பிளசன்ஸ். அவரைப் பிடிக்க கொலம்போ ஒயினைப் பற்றிப் படிக்கிறார், பாதி வழியில் அவருக்கே அதில் ருசி தட்டிவிடுகிறது. எப்படி மாட்டவைக்கிறார் என்பதைச் சொல்லமாட்டேன். கடைசியில் இருவரும் காரில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள்; இருவர் மேலும் நமக்குப் பிரியமாக இருக்கிறது.

1989 முதல் 2003 வரை வந்த கதைகளில் பழைய நிதானம் குறைவு. அவசரமில்லை, அப்புறம் பார்க்கலாம். 1971 முதல் 1978 வரையிலானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்கு ஒன்று போதும். தயவுசெய்து வேகத்தைக் கூட்டி மட்டும் பார்க்காதீர்கள்.