திருத்தப்படும் நிறம்

‘நிறத்திருத்தம்’ என்கிற சொல்லே உறுத்துகிறது. எதிலிருந்து பிசகிய நிறம்? அம்மாவின் படத்தை ஒரு மென்பொருளில் போட்டு ‘ஆட்டோ’வை அமுக்கினேன், முகம் ரெண்டு படி வெளுத்துப்போனது. 1950களிலிருந்து கோடாக், வெள்ளைப் பெண்ணொருத்தியின் ‘ஷெர்லி’ அட்டையை அளவுகோலாக ஆய்வகங்களுக்கு அனுப்பியது. அட்டை போய்விட்டது, அளவுகோல் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதே என் வாசிப்பு.

ஆகவே டார்க்டேபிளுக்கு மாறினேன். இலவசம் என்பதற்காக அல்ல. மூலநிரல் திறந்து கிடக்கிறது, பெரும்பாலான மாட்யூல்களை அணைத்துப் பார்க்கலாம். (பழகுவதற்குள் உயிர் போய்விட்டது.) அம்மாவை மறுபடி உட்காரவைத்து, கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து எடுத்தேன். அட்டையைக் கொண்டு வெண்சமநிலை பார்த்ததும் டியூப்லைட்டின் பச்சை விலகியது, கறுப்பு நின்றது.

“கொஞ்சம் வெளுப்பாப் போட்டிருக்கலாமேடா” என்றாள் அம்மா. கல்யாண ஆல்பத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்த முகம்தான்.