குண்டு போட்டவரின் பேரன், தண்டவாளம் போட்டவரின் பேத்தி

இரண்டு வகைக் குடும்ப நினைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறீர்களா? ஒன்று, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர்களைப் பற்றி அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதுவது. இன்னொன்று, சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தோட்டத்து மக்களைப் பற்றி நம்ம பிள்ளைகள் எழுதுவது. இவை இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

1944, 1945ஆம் ஆண்டுகளில் லிபரேட்டர் விமானங்கள் வங்காளத்தின் திக்ரி, பாண்டவேசுவர் போன்ற தளங்களிலிருந்து கிளம்பி, அந்த ரயில் பாதையையும் அதன் பாலங்களையும் தாக்கின. கீழே யார் இருந்தார்கள்? போர்க்கைதிகளும், பாதையைப் பழுதுபார்க்க நிறுத்தி வைக்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்களும்தான். ஒருவர் தாத்தா மேலே, இன்னொருவர் தாத்தா கீழே.

முதலில் மேலே இருந்தவரின் குடும்பம் எழுதுவதைப் பார்ப்போம். அவர்கள் கையில் பறப்புப் பதிவேடு இருக்கிறது. எந்தத் தேதி, எந்த விமானம், எங்கே போனது, எத்தனை மணி நேரம் பறந்தது என்று எல்லாம் அதில் உண்டு. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். லிங்கன் நகர நினைவு மையத்தில் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதனால் பேரன் எழுதும்போது 'வீரம்' என்ற சொல்லையே நம்பி நிற்க வேண்டியதில்லை. ஒரு தேதியைச் சொன்னாலே போதும், வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். இது அந்த எழுத்தின் பலம்.

பலவீனமும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது. பதிவேட்டுக்குத் தெரிந்தது இலக்கு மட்டும்தான். 'பாலம் தாக்கப்பட்டது' என்பதோடு அந்த வரி முடிந்துவிடும்; பேரனும் அங்கேயே நின்றுவிடுகிறார். 1944 நவம்பர் 29ஆம் நாள், தாமர்கான் பாலத்தை ஒட்டியிருந்த கைதிகள் முகாமிலும் குண்டு விழுந்து, சொந்தப் பக்கத்துக் கைதிகளே செத்தார்கள். இந்த மாதிரிக் குடும்ப நினைவுகளில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: 'தாத்தா போரைப் பற்றிப் பேசவே மாட்டார்.' எழுதுகிறவர் இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார். கீழே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்ததால் வந்த மௌனமாக ஏன் இருக்கக் கூடாது? அந்தக் கேள்வியைக் கேட்கும் எழுத்துதான் நினைவிலிருந்து இலக்கியத்துக்கு ஓர் அடி எடுத்து வைக்கிறது.

இப்போது நம் பக்கம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' ஆகிய நாவல்கள் இந்த வரலாற்றைத் தமிழில் நிறுத்தி வைத்தன. ஆனால் மாணவர் கட்டுரைக்கு வரும்போது என்ன ஆகிறது? எடுத்துக்காட்டுக்கு இரண்டு வாக்கியங்களை அமைத்துப் பார்ப்போம்.

'எங்கள் கொள்ளுத்தாத்தா சொல்லொணாத் துயரங்களை அனுபவித்துத் தம் இன்னுயிரை ஈந்தார்.'

'கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போனப்ப பாட்டி வயித்துல ஏழு மாசம். அவரு திரும்பி வரவே இல்ல.'

முதலாவதை எந்தக் குடும்பமும் எழுதலாம். இரண்டாவது ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தம். தேர்வுக் கட்டுரைப் பழக்கத்தில் பிள்ளைகள் இரண்டாவதை அடித்துவிட்டு முதலாவதை எழுதுகிறார்கள். 'அதெல்லாம் பேச்சுவழக்கு டீச்சர்' என்பார்கள். பேச்சுவழக்கில்தானே பாட்டி சொன்னாங்க? மேற்கோள் குறிக்குள் அப்படியே வரட்டுமே!

இதில் இழப்பது நடையை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஜொகூர் பாலத்தைக் கடந்தால் கிராஞ்சி போர் நினைவிடம். கல்லறை தெரியாமல் போன 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. 1942 ஜனவரி 26ஆம் நாள், நம் எண்டாவ் கடலோரத்தில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போய்த் திரும்பாத விமானப்படையினரை அந்தச் சுவரில் தேடலாம். சயாமில் செத்த நம் தொழிலாளர்களுக்கு அப்படி ஆள் ஆளாகப் பெயர் சொல்லும் சுவர் கிடையாது. அவர்களுக்குப் பதிவேடு என்றால் அது வீட்டில் சொல்லப்படும் அந்த ஒற்றை வாக்கியம்தான். அதை அடித்துவிட்டுச் 'சொல்லொணாத் துயரம்' என்று எழுதும்போது, இருக்கிற ஒரே பதிவையும் நாமே அழிக்கிறோம். அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்றைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

அதனால் படிவம் 4, 5 வகுப்புகளில் இதைச் செய்து பாருங்கள். விமானப்படையினர் குடும்ப நினைவு ஒன்றைச் சுருக்கித் தமிழில் கொடுங்கள். கூடவே சயாம் நினைவு ஒன்றையும் கொடுங்கள். முதலாவதைப் படித்ததும், 'கீழே இருந்தது யார்?' என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவதைப் படித்ததும், 'எந்தத் தோட்டம்? என்ன பெயர்? யார் சொன்னது?' என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது பெயரையும் தேதியையும் விடாமல் பிடிப்பது. நம்மிடமிருந்து அவர்கள் கற்க வேண்டியது தரையைப் பார்ப்பது.

கட்டுரை திருத்தும்போது ஒரு வேண்டுகோள். பாட்டி சொன்ன வாக்கியம் வந்தால், சிவப்பு மையை அதன்மேல் வைக்காதீர்கள். பக்கத்தில் பாட்டியின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள்.