பாறை ஓவியத்தில் விலங்கு: பொருள் காணும் நெறி

பாறை ஓவியத்தில் விலங்கைக் கண்டவுடன், அது தீட்டியோர் உண்ட இரையென்றோ, வேட்டை வாய்க்கச் செய்த மந்திரமென்றோ கூறிவிடுதல் நெடுநாள் வழக்கு. தென்னாபிரிக்கச் சான் மக்களின் ஓவியங்களை ஆராய்ந்தோர் இவ்வழக்கைத் தளர்த்தினர். டிராக்கன்ஸ்பேர்க் மலைப் புடைகளில் மிகுதியாகவும் நுணுக்கமாகவும் தீட்டப்பெற்றது ஈலண்ட் எனும் பெரிய மானினம். அம்மிகுதிக்கு உணவுத் தேவை மட்டும் காரணமன்று என்பதைப் பற்றீசியா வினிகோம் 1976இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் 1981இல் மேலும் ஒருபடி சென்றார். ஓரிடத்தில், சாகும் ஈலண்ட் தலை தாழ்த்திப் பின்கால் பின்னி நிற்கிறது. அதன் வாலைப் பற்றியவனின் கால்களும் அவ்வாறே பின்னியுள்ளன. விலங்கின் சாவு, மருளாடுவோன் தன்னினைவிழத்தலுக்கு உருவகமாயிற்று என்பது அவர் முடிபு. இம்முடிபின் வலிமை தோற்ற ஒப்புமையில் மட்டும் இல்லை. 1870களில் பிளீக், லோயிட் ஆகியோர் சான் மக்களிடம் கேட்டெழுதிய வாய்மொழிகளும் அதற்குச் சான்றாகின்றன.

இக்கொள்கையை இலங்கை வேடர் ஓவியங்களுக்கும் பொருத்திவிடும் விருப்பம் இயல்பே. ஆரையம்பதி போன்ற வாவிக்கரை ஊர்களில் அம்மன் சடங்கையும் தெய்வமாடுதலையும் கண்டு வளர்ந்தோர்க்கு அவ்விருப்பம் மிகும். வேடரிடத்தும் அதற்கு இடமுண்டு. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில், கண்டெ யக்காவின் உருவேறியவன் மரையின் அடிச்சுவடு தேடி அதனை எய்வதாக நடிக்கும் சடங்கு விவரிக்கப்பட்டுள்ளது.

ஆயின், அதே நூல் ஓவியங்களைப் பற்றி வேறொன்று கூறுகின்றது. வேட்டைக்குச் சென்ற ஆடவரை எதிர்நோக்கியிருந்த பெண்கள், சாம்பலை உமிழ்நீரிற் குழைத்து அவற்றைத் தீட்டினர் என்பதே அங்குப் பதிவான செய்தி. சடங்கில் விலங்கைத் தொடர்பவன் ஆடவன். பாறையில் விலங்கை வரைபவள் பெண். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால், சான் கொள்கை வேடர் நிலத்தில் வெற்றி பெறும், தீட்டியவள் மறைந்துபோவாள்.

பொழுதுபோக்கென்று இவ்வோவியங்களை ஒதுக்குவதும் பிழையே. காட்டுக்குள் சென்றவர் திரும்பும்வரை, அக்காட்டின் விலங்குகளை மனத்தில் நிறுத்தி வரைந்த கைக்குப் பொருளின்றி இராது. அப்பொருளைச் சடங்கிலன்றிக் காத்திருத்தலிலே தேடவேண்டும். சான் ஆய்விலிருந்து நாம் பெறத்தக்கது அதன் முடிபன்று, அதன் நெறியே: தீட்டியோர் கூற்றை முதலிற் கேட்டல்.