ஆச்சியின் வெற்றிலை உரல்

பல்லெல்லாம் கொட்டிய பிறகு ஆச்சிக்குத் துணையாக வந்தது, உள்ளங்கையில் அடங்கும் அந்த இரும்பு உரல். மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணைத் தூணில் சாய்ந்து காலை நீட்டுவாள். வெற்றிலையை முந்தானையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நகத்தால் நரம்பை உரித்து, முதுகில் சுண்ணாம்பு தடவுவாள். விரலில் மிஞ்சியது தூணுக்கு. உரலில் முதலில் பாக்கு மட்டும் இடிபடும்போது 'டொக் டொக்'கென்று கெட்டியாகக் கேட்கும். வெற்றிலை சேர்ந்ததும் சத்தம் இளகி, ஈரமாகி அடங்கும். பதம் வந்ததைக் காதாலேயே அறிந்து கை நிற்கும்.

93 வயதுவரை வீட்டுப் பஞ்சாயத்தெல்லாம் அந்தத் தாளத்துக்கு நடுவில்தான் நடந்தது. இடி நின்றால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். இப்போது உரல் அலமாரியில் இருக்கிறது. வெளியே துரு, உள்ளே விரலை விட்டால் இன்னும் வழவழப்பு.